கேப்டன் பால் கஃபி: கப்பலுக்கு முன்னால் வந்த நிலம்

கேள்வி: பால் கஃபி பற்றி இப்போதுதான் படித்தேன். அப்பா ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமை. மகன் சொந்தக் கப்பலில், முழுக்கக் கறுப்பின மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்த குவேக்கர், அதாவது குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ஒரே தலைமுறையில் இது எப்படி நடந்தது? குவேக்கர்கள் கைதூக்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

12 அக்டோபர்

கைதூக்கிவிட்டார்கள் என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை. என் பதில் நிலம். 1766 டிசம்பரில் பாலின் அப்பா, மாசசூசெட்ஸின் டார்ட்மத்தில் டேவிட் பிரவுனெல் என்பவரிடமிருந்து 116 ஏக்கர் பண்ணையைக் கிரயம் வாங்கினார். விலை 650 ஸ்பானிய வெள்ளி டாலர். அப்போது பாலுக்கு எட்டு வயது ஆகவில்லை. கப்பல், வணிகம், சிறை, பள்ளிக்கூடம், லண்டன் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அந்தப் பத்திரத்தை எடுத்துவிட்டால் மற்ற எதுவும் நிற்காது என்பது என் உறுதியான எண்ணம்.

13 அக்டோபர்

அப்பாவைப் பற்றிக் கேட்டதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பெயர் கோஃபி. இன்றைய கானாவின் அகான் மக்களில் ஒருவர். சிறுவனாக இருந்தபோதே பிடித்து விற்கப்பட்டு, டார்ட்மத்தின் எபநேசர் ஸ்லோக்கம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஸ்லோக்கம் குடும்பம் குவேக்கர் குடும்பம். 1742-ல் எபநேசர் அவரைத் தன் உறவினர் ஜான் ஸ்லோக்கத்துக்கு 150 பவுனுக்கு (அக்கால நாணயமான பவுண்டு) விற்றார். சில ஆண்டுகள் கழித்து ஜான் அவரை விடுவித்தார். அதன்பின் ரூத் மோசஸ் என்ற வாம்பனோக் பழங்குடிப் பெண்ணை மணந்தார். பத்துப் பிள்ளைகள். ஏழாவது பால், 1759 ஜனவரி 17-ல் கட்டிஹங்க் தீவில் பிறந்தவர்.

கட்டிஹங்குக்கு நியூ பெட்ஃபோர்டிலிருந்து படகில் போயிருக்கிறேன். சின்னத் தீவு. மரம் குறைவு, காற்று ஓயாது. ஸ்லோக்கம் குடும்பத்தின் தீவு அது. அங்கே கோஃபி ஏறக்குறைய பதினைந்து ஆண்டு குடியிருந்து உழைத்தார். படிக்கவும் எழுதவும் தானே கற்றுக்கொண்டார். அந்தக் காற்றில் நின்றபோது எனக்கு ஒன்றுதான் தோன்றியது: பத்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே 650 வெள்ளி சேர்த்த மனிதர் இவர். மகன் கடல் கடந்ததை எல்லோரும் கொண்டாடுகிறோம். என் கணக்கில் முதல் சாதனை அப்பாவுடையது.

13 அக்டோபர், பின்னிரவு

விட்டுப்போனது. கோஃபி 1772-ல் இறந்தார். பண்ணை பாலுக்கும் அண்ணன் ஜானுக்கும் வந்தது. பாலுக்கு அப்போது பதின்மூன்று வயது. அடுத்த ஆண்டே திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறிவிட்டார்.

15 அக்டோபர்

"குவேக்கர்கள் அடிமை வைத்திருந்தார்களா? அவர்கள்தானே அடிமை முறையை எதிர்த்தவர்கள்?" என்று ஒருவர் கேட்கிறார்.

இரண்டும் உண்மை, நடுவில் நீண்ட காலம் இருக்கிறது. 1716-லேயே டார்ட்மத் குவேக்கர்களின் மாதக் கூடுகை (உள்ளூர் உறுப்பினர்கள் மாதந்தோறும் கூடி முடிவெடுக்கும் சபை), அடிமையை விலைக்கு வாங்கி ஆயுள் முழுக்க வைத்திருப்பது சத்தியத்துக்கு உகந்ததா என்று ஒரு கேள்வியை மேல்மட்டக் கூடுகைக்கு அனுப்பியது. நான்டக்கெட் தீவின் குவேக்கர்கள் உகந்ததல்ல என்று முடிவுகட்டினார்கள். ஆனால் நியூ இங்கிலாந்து குவேக்கர்கள் முழுவதுமாகத் தங்கள் உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானிக்க 1773 வரை ஆயிற்று. கேள்வி எழுப்பிய அதே டார்ட்மத்தில், கேள்வி எழுந்து 26 ஆண்டுகளுக்குப் பிறகு கோஃபி 150 பவுனுக்குக் கைமாறினார். இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்ட நாலு பேர் யாரோ, அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. கேட்டுவிட்டு ஐம்பத்தேழு ஆண்டு காத்திருந்த அமைப்பின் மேல் அவ்வளவு இல்லை.

16 அக்டோபர்

ஸ்லோக்கம் குடும்பம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலுக்கு இரண்டு தலைமுறை முன்பே அங்கே நிலமும் படகும் வைத்திருந்த குவேக்கர் ஒருவர் உண்டு: பெலெக் ஸ்லோக்கம். 1654-ல் ரோட் தீவில் பிறந்தவர். டார்ட்மத்தில் பெரிய நிலக்காரர். எலிசபெத் தீவுகளில் கட்டிஹங்க் உட்படச் சில தீவுகளையும் வாங்கினார். சொந்தமாக ஸ்லூப் என்ற ஒற்றைப் பாய்மரக் கப்பல் வைத்திருந்தார். இங்கிலாந்திலிருந்து வந்த குவேக்கர் போதகர்களை அதில் ஏற்றி நான்டக்கெட்டுக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். டார்ட்மத்தின் அபோனகான்செட்டில் முதல் கூடுகை இல்லம் (குவேக்கர் வழிபாட்டுக் கட்டடம்) கட்ட ஆறு ஏக்கர் கொடுத்ததும் அவரே.

அவர் மனைவி மேரி, கிறிஸ்டஃபர் ஹோல்டரின் மகள். ஹோல்டர் 1656-ல் பாஸ்டனுக்கு வந்து நாடு கடத்தப்பட்டவர். மறு ஆண்டே திரும்ப வந்தார். பெரிய கப்பல்காரர்கள் குவேக்கர்களை ஏற்ற மறுத்த நேரம் அது. யார்க்ஷயரின் ராபர்ட் ஃபௌலர் என்ற மாலுமி தானே கட்டிய 'வுட்ஹவுஸ்' என்ற சிறு கப்பலில் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தார். அந்தப் பதினொருவரில் ஹோல்டர் ஒருவர். 1658-ல் பாஸ்டனில் அவருடைய ஒரு காதை அறுத்தார்கள், குவேக்கர் என்பதற்காக மட்டும்.

காது அறுபட்டவரின் மகள் வாழப்போன குடும்பம், பின்னால் இன்னொரு மனிதனை விலைக்கு வாங்கியது. எனக்கு இந்த இடம் தாண்ட முடியாத இடமாக இருக்கிறது. துன்பப்பட்டவர்களின் வீட்டில் துன்பத்தின் நினைவு இவ்வளவு சீக்கிரம் தேய்ந்துவிடுமா?

19 அக்டோபர்

என் அப்பா பத்திர எழுத்தராக இருந்தவர். யார் நிலம் வாங்கப் போனாலும் அவர் முதலில் கேட்பது தாய்ப்பத்திரம். விற்கிறவனுக்கு எப்படி வந்தது, அவனுக்கு விற்றவனுக்கு எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருப்பார். அந்தப் பழக்கத்தில்தான் நானும் இந்த 116 ஏக்கருக்கு வில்லங்கம் பார்த்தேன்.

தாய்ப்பத்திரம் 1652 நவம்பர் 29 தேதியிட்டது. வாம்பனோக் தலைவர் மசசாய்ட்டும் அவர் மகன் வாம்சுட்டாவும் பிளிமத்தின் ஆங்கிலக் குடியேறிகளுக்கு டார்ட்மத் பகுதி முழுவதையும் எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய வெஸ்ட்போர்ட், நியூ பெட்ஃபோர்ட் எல்லாம் அதற்குள் அடங்கும். கொடுத்த விலையைப் பாருங்கள்: 30 கஜம் துணி, 8 கடமான் தோல், 15 கோடரி, 15 மண்வெட்டி, 15 கால்சட்டை, 8 போர்வை, 2 கெண்டி, ஒரு மேலங்கி, 22 பவுன் மதிப்புக்குக் கிளிஞ்சல் மணி, 8 ஜோடி காலுறை, 8 ஜோடி காலணி, ஒரு இரும்புப் பானை, மற்றும் பத்து ஷில்லிங் மதிப்புக்குச் சில்லறைச் சாமான்.

அதற்கடுத்த வில்லங்கம் இன்னும் கொடியது. 1675-ல் குடியேறிகளுக்கும் வாம்பனோக்குகளுக்கும் போர் மூண்டு டார்ட்மத் எரிந்தது. பாதுகாப்பு தருவதாகச் சொன்ன வாக்கை நம்பி அங்கே சரணடைந்த சுமார் 160 வாம்பனோக்குகளைப் பிளிமத் அரசு அடிமைகளாகக் கடல் கடந்து விற்றுவிட்டது. வாக்குத் தவறியதை எதிர்த்துப் பேசிய பெஞ்சமின் சர்ச் என்ற படைத்தலைவரே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இப்போது 1766-க்கு வாருங்கள். அதே மண்ணில் 116 ஏக்கரை, கடல் கடந்து விற்கப்பட்டு வந்த ஒருவர், வாம்பனோக் பெண்ணான தன் மனைவியோடும் பிள்ளைகளோடும் வாழ 650 வெள்ளி கொடுத்து வாங்குகிறார். ரூத்தின் மக்களுக்குச் சொந்தமாயிருந்த மண், ஒரு நூற்றாண்டு கழித்து, காசு கொடுத்த பிறகே ரூத்தின் பிள்ளைகள் கைக்கு வந்தது.

20 அக்டோபர்

பத்திரத்தில் ரூத் பெயரும் இருந்ததா என்று கேட்டவருக்கு: இல்லை, பண்ணை மொத்தமும் கோஃபி பெயரில்தான். அந்தக் காலச் சட்டம் மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமையை எளிதில் தரவில்லை. அவள் சொத்து பெரும்பாலும் கணவன் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. கணவர் இறந்த பிறகும் ரூத் பதினைந்து ஆண்டு வாழ்ந்து 1787-ல் மறைந்தார்.

22 அக்டோபர்

வரி விவகாரம். பலர் இதை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள், அதனால் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

நிலம் இருந்ததால் வரி வந்தது. வாக்குரிமை வரவில்லை. 1780 பிப்ரவரியில் டார்ட்மத்தின் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் ஏழு பேர் மாநில அரசுக்கு ஒரு மனு கொடுத்தார்கள். எங்கள் மேல் வரி போடுகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்கு வாக்கு இல்லை, எங்கள் நிறத்தவர் பலர் போர்க்களத்தில் நிற்கிறார்கள், பிறகு எப்படி வரி கேட்கிறீர்கள் என்பது அதன் சாரம். வாக்கில்லாமல் வரியா என்று பிரிட்டிஷ் அரசோடு போரிட்டுக்கொண்டிருந்தவர்களிடமே அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள். பாலுக்கு 21 வயது. கையெழுத்திட்டவர்களில் அண்ணன் ஜானும் உண்டு.

மனு எடுபடவில்லை. அண்ணன் தம்பி இருவரும் வரி கட்ட மறுத்தார்கள். டிசம்பரில் டாண்டன் சிறையில் அடைக்கப்பட்டார்கள். வெளியே வந்த பிறகும் விடவில்லை. 1781-ல் ஊர்க்கூட்டத்தில் எங்களுக்கும் வெள்ளையருக்குச் சமமான உரிமை உண்டா என்று கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் அந்த ஜூனில் 8 பவுன் 12 ஷில்லிங் கட்டிக் கணக்கை முடித்தார்கள். கேட்டிருந்த தொகை அதைவிடப் பல மடங்கு.

23 அக்டோபர்

நேற்று எழுதியதில் ஒரு முக்கியமான இழையைத் தொடவில்லை. அதே வழக்கில் ஜானும் பாலும் நாங்கள் இந்தியர்கள், அதாவது அமெரிக்கப் பழங்குடியினர், எங்களுக்கு வரி கிடையாது என்றும் வாதிட்டார்கள். அம்மா வழியில் அது உண்மைதான்.

இதைச் சந்தர்ப்பவாதம் என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நான் அப்படிப் பார்க்கவில்லை. முதலில் எனக்கும் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். கறுப்பர் என்று வகைப்படுத்தினால் வரி உண்டு, வாக்கு இல்லை. பழங்குடி என்று வகைப்படுத்தினால் வரியும் இல்லை, வாக்கும் இல்லை. இந்த வகைகளை அவர்கள் உண்டாக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் இருவருமே அவர்கள் உடம்பில் இருந்தார்கள். பாலின் அண்ணன்களில் ஒருவரான ஜோனதன், வாம்பனோக் மக்களோடு கே ஹெட் பகுதியில் போய் வாழ்ந்தார். பாலின் மனைவி ஆலிஸும் வாம்பனோக். 1783-ல் திருமணம், ஏழு பிள்ளைகள். பழங்குடி உறவு அந்தக் குடும்பத்துக்கு வழக்குக்காக எடுத்துப் போட்ட சட்டை கிடையாது.

இன்னொன்று. 1778 வாக்கில் பால் தன் உடன்பிறந்தவர்களை ஸ்லோக்கம் என்ற எசமானர் பெயரை விட்டுவிட்டு அப்பாவின் சொந்தப் பெயரையே (கோஃபி என்பதுதான் கஃபி ஆனது) குடும்பப் பெயராக வைத்துக்கொள்ளச் சொன்னார். பெரும்பாலோர் கேட்டார்கள். இருபது வயது ஆகாத தம்பி சொல்லி அண்ணன் அக்காக்கள் கேட்டார்கள் என்றால், அந்த வீட்டில் அவருடைய சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்!

27 அக்டோபர்

சரி, கப்பல்.

அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1776-ல், மூன்றாம் பயணத்தில் பிரிட்டிஷ் கடற்படை பாலைப் பிடித்து மூன்று மாதம் நியூயார்க்கில் அடைத்து வைத்தது. வெளியே வந்தவர் 1779-ல் அண்ணன் டேவிட்டோடு சேர்ந்து ஒரு சிறு படகு கட்டினார். பிரிட்டிஷ் கடல் முற்றுகைக்கு நடுவே நான்டக்கெட்டுக்குச் சரக்கு கொண்டுபோவதுதான் திட்டம். டேவிட் பயந்து திரும்பிவிட்டார். பால் தனியாகப் போனார். கொள்ளையரிடம் சரக்கைப் பறிகொடுத்தார். மறுபடி போனார்.

போருக்குப் பிறகு வரிசையாகக் கப்பல்கள். 25 டன் 'சன்ஃபிஷ்'. அதைவிடப் பெரிய 'மேரி'. அவற்றை விற்று 1796-ல் 69 டன் 'ரேஞ்சர்'. பிறகு 162 டன் 'ஹீரோ', 1806-ல் 268 டன் 'ஆல்ஃபா', அடுத்து 109 டன் 'டிராவெலர்'. கட்டியது எல்லாம் வெஸ்ட்போர்ட் ஆற்றங்கரையில் அவர் வாங்கிய நிலத்தில் அமைத்த சொந்தத் தளத்தில். இதனால்தான் நிலம் நிலம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கரையில் இடமில்லாதவன் யாரோ ஒருவரின் தளத்துக்குப் போய் நிற்க வேண்டும். கறுப்பினத்தவர் ஒருவருக்கு அந்த இடத்தில் என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கூட்டாளி மச்சான் மைக்கேல் வெய்னர், அக்கா மேரியின் கணவர், அவரும் வாம்பனோக். வெய்னரின் மகன்கள் கப்பல்களில் அதிகாரிகள். 'ரேஞ்சர்' மேரிலாந்தின் வியன்னா என்ற சிற்றூருக்குச் சோளம் வாங்கப் போனபோது, கப்பல் முழுக்கக் கறுப்பு முகங்களைப் பார்த்து ஊரே கலங்கியது. ஹெய்ட்டியில் அடிமைகள் எழுந்து நின்ற காலம். அடிமை முறை நடந்த அந்த ஊரில் கஃபி பதற்றப்படாமல் கப்பலின் பத்திரங்களை எடுத்துக் காட்டினார். தன் ஆட்களைக் கட்டுப்பாட்டோடு வைத்திருந்தார். சில நாளில் ஊர்க்காரர்கள் சாப்பிட அழைக்கும் அளவுக்கு மாறினார்கள். சோளத்தை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்.

28 அக்டோபர்

பள்ளிக்கூடம்: 1797 வாக்கில். அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து ஒன்று கட்டலாம் என்றார். ஒத்துவரவில்லை. தன் நிலத்தில் தன் செலவில் கட்டினார். பிறகு எல்லாருடைய பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார், நிறம் பார்க்காமல்.

2 நவம்பர்

இப்போது முதல் கேள்விக்குள் இருக்கும் குவேக்கர் பகுதி. அவர் வெஸ்ட்போர்ட் கூடுகையில் முறைப்படி உறுப்பினரானது 1808-ல், 49 வயதில். அதாவது கப்பல், நிலம், பெயர் எல்லாம் சேர்ந்த பிறகு. சேர்ந்தபின் முழு மனதோடு இருந்தார். 1813-ல் அந்தக் கூடுகை இல்லத்தைப் புதிதாகக் கட்டியபோது செலவில் ஏறக்குறையப் பாதி அவருடையது. இல்லம் இன்றும் நிற்கிறது. உள்ளே அலங்காரம் கிடையாது, மர பெஞ்சுகள், வெளிச்சம். அங்கே உட்கார்ந்திருந்தபோது மனம் தானாக அடங்கியது.

குவேக்கர் வலைப்பின்னல் அவருக்கு உதவியது, மறுக்கவில்லை. லண்டனின் குவேக்கர் வில்லியம் ஆலன் அவரை, அடிமை வணிகத்தை எதிர்த்த ஆப்பிரிக்கன் இன்ஸ்டிட்யூஷன் என்ற அமைப்பின் தலைவர்களிடம் கொண்டுபோனார். 1812-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் பிரிட்டிஷ் குடியேற்றமான சியரா லியோனிலிருந்து திரும்பிய 'டிராவெலரை', பிரிட்டனோடு வணிகத்தைத் தடுத்த சட்டத்தின்படி சுங்கத்துறை பிடித்தபோது, பால் வாஷிங்டன் போய் ஜனாதிபதி ஜேம்ஸ் மாடிசனையே நேரில் பார்த்துக் கப்பலை மீட்டார். அதற்கும் குவேக்கர் நண்பர்களின் அறிமுகக் கடிதங்கள் பயன்பட்டன. அந்தப் பயணத்தில் வழியில் கோச்சு வண்டியில் ஒருவன் இருக்கையை விட்டு எழச் சொன்னான். பால் எழவில்லை.

5 நவம்பர்

கறுப்பினத்தவரை அமெரிக்காவிலிருந்து வெளியேற்றும் திட்டத்துக்கு அவர் துணைபோனார் என்று ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். வருத்தமாக இருக்கிறது.

வரிசையைக் கவனியுங்கள். பால் முதலில் சியரா லியோனின் ஃப்ரீடவுன் போனது 1811 மார்ச். அடிமை வணிகத்துக்குப் பதிலாக ஆப்பிரிக்கர்களே நடத்தும் வேறு வணிகம் அங்கே வேர்விட வேண்டும் என்பது அவர் எண்ணம். 1812-ல் பிரிட்டனுடன் மூண்ட போர் தடுத்தது. 1815 டிசம்பரில் 38 பேரை 'டிராவெலரில்' ஏற்றிக்கொண்டு புறப்பட்டு பிப்ரவரியில் சேர்ந்தார். அதில் 20 பேர் குழந்தைகள். பெரும்பாலான செலவு அவர் கையிலிருந்து, சுமார் 4,000 டாலர். விரும்பியவர்களைத்தான் அழைத்துப் போனார். அங்கே குடும்பங்களுக்கு வீட்டுமனையும் விளைநிலமும் கிடைத்தன. என்னைப் பொறுத்தவரை, தன் அப்பா பதினைந்து ஆண்டு உழைத்துப் பெற்றதை அவர்களுக்குப் போனவுடனே பெற்றுத்தர முயன்றார்.

வெளியேற்றும் நோக்கம் கொண்ட அமெரிக்கக் குடியேற்றச் சங்கம் 1816 டிசம்பரில்தான் உருவானது. அதன் ஆட்கள் அவரிடம் யோசனை கேட்டு எழுதினார்கள், அவர் பதிலும் எழுதினார். ஆனால் 1817 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவின் பெத்தேல் தேவாலயத்தில் சுமார் 3,000 கறுப்பினத்தவர் கூடி அந்தத் திட்டத்தை ஒரே குரலில் நிராகரித்தார்கள். அதைக் கடிதத்தில் தெரிவித்தவர் அவர் நண்பர் ஜேம்ஸ் ஃபோர்ட்டன். அந்த ஆண்டு செப்டம்பர் 7-ல் பால் இறந்துவிட்டார். சங்கம் பின்னாளில் செய்தவற்றுக்கு அவரைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. அவர்களுடைய உள்நோக்கத்தை இன்னும் கடுமையாகச் சந்தேகித்திருக்கலாம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

9 நவம்பர்

பண்ணை எங்கே இருக்கிறது, பார்க்க முடியுமா என்று கேட்டவருக்கு: இரண்டு நிலத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்பா வாங்கிய 116 ஏக்கர் வேறு. பால் பின்னால் வாங்கிய ஆற்றங்கரை நிலம் வேறு. 1974-ல் வெஸ்ட்போர்ட்டின் டிரிஃப்ட் சாலையில் ஒரு பண்ணையைப் பால் கஃபி பண்ணை என்று தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். பிறகு உள்ளூர் ஆய்வாளர்கள் பழைய கிரயப் பத்திரங்களின் நாற்பக்க எல்லைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, அவர் வாழ்ந்த இடம் அதே சாலையில் இன்னொரு பக்கம் என்று காட்டினார்கள். பழைய கட்டுரைகளில் இருக்கும் வீட்டுப் படத்தை நம்பிப் போகாதீர்கள். அந்தச் சாலையில் இருப்பவை தனியார் வீடுகள், உள்ளே நுழைய வேண்டாம்.

வெஸ்ட்போர்ட் கூடுகை இல்லத்துக்குப் போங்கள். பாலும் ஆலிஸும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். சாலையோரம் இருக்கும் நினைவுக்கல் 1913-ல் அவர் கொள்ளுப்பேரன் ஒருவர் முயற்சியில் வந்தது. நியூ பெட்ஃபோர்ட் போனால் திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்தை ஒட்டி அவர் பெயரில் ஒரு சிறு பூங்கா இருக்கிறது. அவருடைய கடிதங்களும் கணக்குகளும் அதே ஊரின் பொது நூலகத்தில் இருக்கின்றன. பார்க்க விரும்பினால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.